கட்டி முடித்த கடனின் தீர்ப்பு

செப்டம்பர் 8, 2025, திங்கள். ஷார்ஜா

மதியச் சாப்பாட்டு நேரத்தில் துபாய் கம்பெனியிலிருந்து போன். தலைமைக் கணக்காளர் வேலை எனக்குத்தானாம். வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெண் மெதுவாக இழுத்தாள். "ஒரே ஒரு விஷயம் மேடம். உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு கோர்ட் தீர்ப்பு நிலுவையில இருக்கு. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது அது இருக்கக் கூடாது. அக்டோபர் பத்துக்குள்ள சரி பண்ணிட முடியுமா?"

நிலுவையா? எண்பத்தாறாயிரம் திர்ஹம். நாலு வருஷம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டி, 2023லேயே முடித்தாயிற்று!

இப்போதிருக்கும் டைல்ஸ் கம்பெனியை அக்டோபர் கடைசியில் மூடுகிறார்கள். வீட்டில் மூன்று பேர் விசாவும் என் வேலையில் தொங்குகிறது. மகள் தன்யா பதினொன்றாம் வகுப்பு. நடு வருஷத்தில் அவளை எந்த ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கணவர் கௌரிசங்கரிடம் சொன்னேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "சிஸ்டம் அப்டேட் ஆகியிருக்காது வள்ளி. டென்ஷன் ஆகாத. நான் பாத்துக்கறேன்."

பார்ப்பார். பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

செப்டம்பர் 9

எழுதியாவது வைக்கிறேன். இந்தக் கடனில் ஒரு திர்ஹம்கூட நான் செலவழிக்கவில்லை. ஏழு வருஷம் முன்பு அவருக்கு விழா நடத்தும் கம்பெனி ஆரம்பிக்கும் ஞானோதயம். அவருக்குச் சம்பளச் சான்றிதழ் கிடையாது, எனக்கு இருந்தது. "கையெழுத்து மட்டும் போடு" என்றார். மொத்தம் மூன்று விழா. மூன்றாவதில் கரன்ட் போய், பாடகியும் போய், கம்பெனியும் போயிற்று. தவணை நின்றது, பாங்க் கேஸ் போட்டது. விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டர் அவர். கோர்ட் தீர்ப்பில் பிரதிவாதி நாகவள்ளி.

செப்டம்பர் 11

பணம் கட்டி ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தேன். இந்த நாட்டில் என் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கும் ஒரே காகிதம் இதுதான். பிறகு பாங்க். நாற்பது நிமிஷம் டோக்கனோடு உட்கார்ந்தேன். கோட் போட்ட பையன் திரையைப் பார்த்து, "எங்க சைடுல க்ளோஸ் மேடம். கோர்ட்ல பாருங்க" என்றான். இரண்டு வருஷமாக நான் கடன்காரி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 15

வீட்டுக்குக் கோபாலசாமி வந்தார். கௌரியின் நண்பர். தமிழர் விழாக்களில் யாருக்காவது பொன்னாடை போர்த்திக்கொண்டே இருப்பாரே, அவர்தான். இப்போது 'கடன் ஆலோசகர்' ஆகிவிட்டாராம்.

"உள்ள நமக்கு ஆள் இருக்கும்மா. ஏழாயிரம் ஆகும். பேரு பால் மாதிரி வெள்ளையாயிடும்."

"ரசீது குடுப்பீங்களா?"

"இதுக்கெல்லாம் ரசீது கேக்கக் கூடாதும்மா."

காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

செப்டம்பர் 18

ரோலாவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஷம்சாத்தின் டைப்பிங் சென்டர். கீழக்கரைக்காரி, முப்பது வயதிருக்கும். அரபியில் மனு எழுதிக் கோர்ட்டுக்கு ஆன்லைனில் அனுப்புவது அவள் தொழில். கேஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"அக்கா, வசூல் ஃபைல் இன்னும் தொறந்தே இருக்கு. பணம் கட்டியாச்சுன்னு பாங்க் குடுக்குற லெட்டர் உள்ள வரவே இல்ல."

"குடுத்தாச்சே. என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய்க் குடுத்தார்."

அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

செப்டம்பர் 22

மறுபடி பாங்க். அதே கோட். லெட்டர் 2023 நவம்பரிலேயே கொடுத்தாகிவிட்டது, பெற்றுக்கொண்டவர் கௌரிசங்கர். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான்தான் அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தேன். அன்று வந்து, "கோர்ட்ல குடுத்தாச்சு, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றார். நான் பாயசம் வைத்தேன். பாயசம்!

சாயங்காலம் கேட்டேன். முதலில் குடுத்தேன் என்றார். பிறகு குடுத்த மாதிரி ஞாபகம் என்றார். பிறகு கீழே போய்க் காரின் டிக்கியிலிருந்து, பழைய விழா பேனருக்கு அடியில் கிடந்த கவரை எடுத்து வந்தார். ஒட்டியது ஒட்டியபடி.

"மறந்துட்டேன் வள்ளி. வேணும்னே செய்வேனா?"

"சரி. வக்கீல் ஃபீஸுன்னு ரெண்டாயிரத்து ஐநூறு வாங்குனீங்களே?"

கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "கோபாலசாமி அப்ப கொஞ்சம் கஷ்டத்துல இருந்தார்" என்றார்.

ஆக, என் பெயரைத் துடைக்க வைத்திருந்த பணத்தைத் தின்றவரே அதே பெயரைத் துடைக்க ஏழாயிரம் கேட்டிருக்கிறார். காபி வேறு போட்டுக் கொடுத்தேனே, நான் எவ்வளவு பெரிய முட்டாள்? மறந்தாராம். ஐ.பி.எல். அட்டவணை மறக்குமா இந்த மனுஷனுக்கு? என் பேரு மட்டும் மறந்துபோகும்.

செப்டம்பர் 23

அவரோடு பேசவில்லை. தோசை சுட்டு வைத்திருந்தார். கருகல்.

செப்டம்பர் 30

பழைய லெட்டர் செல்லாது, புதிது வேண்டும் என்று ஷம்சாத் சொல்லியிருந்தாள். ஐந்து வேலை நாள் கழித்து இன்றுதான் பாங்க் கொடுத்தது. நேராக ரோலா. கவரை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அவள் தட்டிக்கொண்டே கேட்டாள். "கடனை யாரு அடைச்சான்னு ஒரு வரி எழுதணும்க்கா. நீங்களா, வீட்டுக்காரரா?"

"நான்."

"நீங்க தனியாவா?"

"தனியா."

அந்த வரி அரபியில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 6

ஃபைல் மூடப்பட்டது என்று கோர்ட்டிலிருந்து செய்தி. ரிப்போர்ட்டில் தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. திருத்தம் கேட்டு மனு போட்டேன். பாங்க் உறுதி செய்தால்தான் எடுப்பார்களாம். துபாய்ப் பெண்ணிடம் இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டேன். "சாரி மேடம், வெள்ளிக்கிழமைதான் கடைசி."

அக்டோபர் 8

அரை நாள் லீவு. பாங்கில் கோட் பையன் எதிரே உட்கார்ந்தேன். "மெயில் போயிடும் மேடம், நீங்க கெளம்புங்க" என்றான். போகட்டும், பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றேன். ஒரு மணி ஆயிற்று. டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். மானேஜர் வந்து பார்த்தார். ஊறுகாய் வாசனை அந்தக் கண்ணாடி அறைக்குப் புதுசு போலிருக்கிறது. ஒன்றரைக்கு மெயில் போயிற்று. அனுப்ப ஆன நேரம் இரண்டு நிமிஷம்.

அக்டோபர் 9

தீர்ப்பு இல்லை. அந்தக் கட்டமே இல்லை. நம்பிக்கை வராமல் மூன்று தடவை இறக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் பணம் கட்டி. கணக்காளராம் நான்.

அக்டோபர் 10, வெள்ளி

வேலை உறுதி. ஷம்சாத்துக்கு போன் செய்தேன். "அல்ஹம்துலில்லாஹ்! ஒரு பார்ட்டி வைங்கக்கா" என்று சிரித்தாள்.

சாயங்காலம் கௌரி லட்டு வாங்கி வந்தார். பின்னாலேயே கோபாலசாமி. எனக்கு வாழ்த்தாம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் பைக்குள்ளிருந்து ஒரு ஃபைல் வந்தது. சத்வாவில் ஒரு சின்ன ரெஸ்டாரன்ட், ஓடுகிற கடை, ஆளுக்குப் பாதி.

"இப்பத்தான் உன் பேரு க்ளீனா இருக்கே வள்ளி," என்றார் கௌரி. கண் அப்படி மின்னுகிறது. "லோன் ஒரே நாள்ல வந்துடும். கையெழுத்து மட்டும் போடு."

இன்னும் ஆறாத புண்ணைக் கீறுகிறோம் என்ற நினைப்புகூட அந்த முகத்தில் இல்லை. குழந்தை மாதிரி சந்தோஷம். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கோபம்கூட இல்லை, பயம். இவர் என்னை ஏமாற்றவில்லை. இது தப்பு என்றே இவருக்குத் தெரியவில்லை.

அறைக்குள்ளிருந்து தன்யா குரல் கொடுத்தாள். "அம்மா, டோன்ட்."

கோபாலசாமி நீட்டிய பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன். இன்று காபி போடவில்லை.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு, நானும் தன்யாவும் தனி வீட்டுக்குப் போகிறோம் என்று அவரிடம் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். "கொஞ்ச நாள் கோபம் இருக்கும், சரியாயிடும்" என்றார். கோபம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். புரியவில்லை.

நவம்பர் 4

புது ஆபீஸ். விசா படிவத்தில் குடும்பத்தார் பெயர் கேட்டிருந்தார்கள். தன்யா பெயரை எழுதினேன். அவருக்குக் கோபாலசாமி தன் கம்பெனியில் விசா போட்டுத் தருகிறாராம். தரட்டும். ரசீது கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

அல் நஹ்தாவில் ஒரு படுக்கையறை வீடு. ஒப்பந்தம் என் பெயரில். பழைய வீட்டு வாடகை ஜனவரிவரை கட்டியிருக்கிறது, அதுவரை அவர் அங்கே இருப்பார். காலையில் அவர்தான் பெட்டிகளை லிஃப்ட்வரை தூக்கித் தந்தார். ஏதோ சொல்ல வந்து, "டி.வி. ரிமோட் உன் பெட்டியில போயிருச்சா பாரு" என்றார்.

புதுக் கட்டடத்தில் கீழே வாட்ச்மேன், மலையாளி, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கதவுக்கான கார்டுகளை எண்ணினார்.

"எத்ர கார்டு வேணும் சேச்சி? மூணு வரை ஃப்ரீயா."

"ரெண்டு," என்றேன்.