விரிசலுக்குள் இருந்த துரு

அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை அங்கே யாருக்கும் காட்டாதே. உனக்கு முன்பே அங்கே போன தாத்தா கேட்டாலும் காட்டாதே. அவர் மாமாவைப் பெற்றவர்.

இந்த அறையில் இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை. உன் சேலைகளையும் பாயையும் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே கொடுத்துவிட்டார்கள். உடைந்த சைக்கிள் ஃப்ரேம் மட்டும் என் கட்டிலுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. இன்று சாயங்காலம் அதுவும் போய்விட்டது. எங்கே என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உன் சொந்த அண்ணன் கடையில் வாங்கிய சைக்கிள் அது. அதில்தான் கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம் துணிக்கடைக்கு வேலைக்குப் போவாய். போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாய். அன்று வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஹேண்டில்பார் தனியாக ஆடியது. இருவரும் விழுந்தோம். உன் முழங்கையில் ரத்தம் வந்தது. நீயோ ரோட்டிலேயே உட்கார்ந்து, ஹேண்டிலுக்குக் கீழே பற்றவைத்த இடத்தில் விட்டிருந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் வாரண்டி கார்டோடு போனோம். மாமா சிரித்தார். "ஓவர்லோடும்மா. இம்மாம் பெரிய பொண்ண பின்னாடி வச்சி மிதிச்சா ஒடையாம என்னா பண்ணும்?"

"அப்ப கேரியர எதுக்குண்ணே வச்சி வித்த? கொலுவுல வைக்கவா?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் மாறியது. நீ விரிசலைத் தொட்டுக் காட்டினாய். "உள்ள துரு புடிச்சிருக்கு பாரு. நேத்து ஒடஞ்சதுக்கு நேத்தே துரு புடிக்குமா? பெயின்ட்டுக்கு அடியிலயே கீறல் இருந்திருக்கு. கம்பெனிக்கு அனுப்பு. எங்க கடையில சாயம் போன சேலைய நான் எத்தன வாட்டி திரும்ப வாங்கியிருக்கேன்!"

மாமா அனுப்பவில்லை. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். நீ கடலூருக்குப் பஸ் ஏறினாய், மஞ்சக்குப்பத்தில் இறங்கினாய், நுகர்வோர் கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டு வந்தாய்.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "என் மச்சான் மேலயே கேஸா? நாளைக்கி இவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிக்க வேணாமா?"

"ஃப்ரேம் மேலதாங்க கேஸு. அண்ணன் வூட்டுக்கு வரட்டும், மீன் கொழம்பு வச்சி போடறேன்."

மாமா வந்தார். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. எப்படி அம்மா உன்னால் முடிந்தது?

பிறகு அந்தக் காய்ச்சல். கடைசியாக உன்மேல் போர்த்திய பிறந்த வீட்டுக் கோடியை மாமாதான் கொண்டுவந்தார். அழுதார். பொய் அழுகை இல்லை. ஆனால் கோர்ட்டில் அவர் கொடுத்த பதிலில், நீ சைக்கிளை ஒழுங்காக ஓட்டவில்லை என்றுதான் இருக்கிறது.

நேற்று அவர் அப்பாவிடம் சொன்னார்: "செத்தவங்க பொருள வூட்ல எதுக்கு மாப்ள வச்சிக்கிட்டு? நாளன்னிக்கி வண்டி அனுப்பறேன், குடுத்துடு. வெல்டிங் வச்சி, பெயின்ட் அடிச்சித் தரேன், பாப்பா ஓட்டட்டும்."

அப்பா தலையாட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ போனதிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

பெயின்ட் அடித்தால் துரு தெரியாது. அப்புறம் நீதான் ஓட்டத் தெரியாமல் ஓட்டி உடைத்தாய் என்பது நிலைத்துவிடும். அதனால் ஃப்ரேமை வரப்பு வழியாகத் தூக்கிப் போய், கூடப் படிக்கிறவள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது.

அது மட்டும் போதாது. கோர்ட் ஆபீசுக்கு மத்தியானமே போன் செய்திருந்தேன். ஒரு பெண் எடுத்தார். "கேஸ் போட்டவங்க எறந்துட்டா வாரிசு நடத்தலாம் பாப்பா. ஆனா நீ மைனரு. ஒங்கப்பாதான் கையெழுத்துப் போடணும். ஃப்ரேமையும் கொண்டாரணும்."

அப்பாவிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேஸ் நடத்தினாய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீ சொன்னது பொய் இல்லை என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "பாப்பா, ஃப்ரேம் எங்கடி?" குரலில் அதட்டல் இல்லை. அதட்டினால் சுலபமாக இருக்கும்.

திறக்கப் போகிறேன் அம்மா. கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் இடத்தைச் சொல்வேன். மறுபடியும் தட்டுகிறா...