டார்ச் ஆணியில்தான் தொங்கியது

லோரீனுக்கு,

கோழி கிளறியது போன்ற இந்தக் கையெழுத்தைப் பார்த்து, குடித்திருக்கிறேன் என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கை கட்டுக்குள் இருக்கிறது. உள்ளே எத்தனை விரல் மிச்சம் என்று நர்ஸ் சொன்னபோது ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்ச் விருந்தில் உன்னைப் பற்றி நான் அடித்த ஜோக்குக்காக நீ அக்கா வீட்டுக்குப் போனாயே, அதற்கு அடுத்த வாரம் கராஜில் உட்கார்ந்து சுட்டுத் தீர்ந்த பழைய தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பினேன். பக்கத்து வீட்டு வெர்ன் எட்டிப் பார்த்தான்.

"டேய், நம்ம பாதிரியார் மீசை வச்சிருக்காரு, பாத்தியா?"

மருந்து அளப்பவனிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாதிரியார் மீசையை எப்படி விடுவது?

"பொண்டாட்டியோடதக் கடன் வாங்கியிருப்பாரு" என்றேன்.

சிரித்துவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே மருந்து போட்ட கூட்டிலேயே மறுபடியும் போட்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் வாயில் குண்டை அழுத்தி மூடும் முன், ஆணியில் தொங்கும் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்து எவ்வளவு என்று அடித்துப் பார்த்திருப்பாய்.

சுட்டபோது துப்பாக்கி கையிலேயே வெடித்தது. வலிக்கவில்லை. இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. வெர்ன் தினமும் சூப் கொண்டுவந்து வைக்கிறான், பேசாமல் போகிறான்.

அன்று செய்த மற்றத் தோட்டாக்கள் டப்பாவில் இருக்கின்றன. இனி எதையும் நம்ப முடியாது. எல்லாவற்றையும் பிரித்து மருந்தைக் கொட்டவேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். வெர்ன் செய்கிறேன் என்றான், வேண்டாம் என்றேன்.

நீ வந்தால், வேலை முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்