ஏழாவது படியில் நிறுத்திய சிஸ்டர்

மார்ச் 3, செவ்வாய்

சின்னவர் கூப்பிட்டனுப்பினார். என்னிடம் வேலை கற்றவர், எட்டு வருடமாக எனக்கே மேலாளர். 'சின்னவர்' என்பது இந்த நோட்டில் மட்டும்.

மருத்துவமனைகளுக்கு நாங்கள் விற்கும் தடுப்பூசிப் பதிவு மென்பொருளை இன்ஸ்டால் செய்ய முடியாமல் தினமும் நாற்பது பேர் போன் செய்கிறார்களாம். அத்தனை பேர் கையிலும் நான் எழுதிய கையேடு.

"மாசக் கடைசிக்குள்ள போன் பாதியா குறையணும் சார். இல்லன்னா கையேட்டுப் பிரிவையே மூடிடலாம்னு மேல பேசிட்டாங்க."

பிரிவு என்றால் நான் ஒருவன்தான். ஐம்பத்திரண்டு வயது ஆளை வெளியே அனுப்ப எவ்வளவு மரியாதையான வாக்கியம்!

மார்ச் 4

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதி என்ன பிரயோஜனம்?

மார்ச் 6, வெள்ளி

பதினான்கு படிகளையும் என் கம்ப்யூட்டரில் வரிசையாகச் செய்து பார்த்தேன். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

போன் எடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். "உங்களுக்கு ஓடும் சார். அவங்கெல்லாம் ஏழாவது படியிலயே நிக்கறாங்க. ஏதோ பெட்டி வருதாம், பயப்படறாங்க."

ஏழாவது படி: 'தொடர்க' பட்டனை அழுத்தவும். இதில் பயப்பட என்ன இருக்கிறது? என் ஸ்கிரீனில் எந்தப் பெட்டியும் வரவில்லை. ஊரில் இருக்கிற பேய் எல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும் போல.

மார்ச் 10

நாளை ஒரு குழந்தைகள் கிளினிக்குக்குப் போக வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் கையேட்டைப் பார்த்து இன்ஸ்டால் செய்வார்கள், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சின்னவர் ஏற்பாடு. "வாயைத் திறக்கக் கூடாது சார், அது ஒண்ணுதான்." யார் யாருக்குச் சொல்வது!

மார்ச் 11, புதன்

இரண்டே அறைகள். வெளியே குழந்தைகளின் அழுகை. கம்ப்யூட்டர் முன்னால் அறுபதை நெருங்கும் சிஸ்டர். கையேட்டில் விரல் வைத்து ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் படித்தார், செய்தார், பென்சிலால் ஒரு டிக். ஆறு படிகள், ஆறு டிக்.

ஏழாவதில் அந்தப் பெட்டி வந்தது. நிஜமாகவே வந்தது. 'இந்த மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தீங்கு செய்யலாம். அனுமதிக்கவா?'

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்.

"தம்பி, இதைப் பத்தி உங்க தாள்ல ஒண்ணுமே இல்லையே?"

தம்பி! சின்னவர் சொன்னதை மீறினேன். "சும்மா அழுத்துங்க சிஸ்டர், ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு தாள்ல இருக்கா, நீங்க சொல்றீங்களா? மருந்து பாட்டில்ல ஒரு வரி சந்தேகமா இருந்தாலே ஊசியைக் கீழ வச்சிருவேன். முப்பது வருஷமா அப்படித்தான். இந்தக் கம்ப்யூட்டர்ல ஆயிரத்து இருநூறு குழந்தைங்க விவரம் இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டிகள் எரிச்சலாக இருக்கின்றன என்று என் கம்ப்யூட்டரில் எச்சரிக்கைகளை ஆறு வருடம் முன்பே நிறுத்தி வைத்தவன் நான். நிறுத்தியதையே மறந்துபோனவனும் நான். எழுந்து நின்று அதைச் சொன்னேன்.

"உக்காருங்க. வெக்கப்படறதை உக்காந்தே படலாம்."

இருவரும் சேர்ந்து அந்தப் படியை எழுதினோம்: பெட்டி வரும், புது மென்பொருள் எதற்கும் வரும், அதில் எங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் 'அனுமதி'. நான் பேனாவை மூடினேன். அவர் விடவில்லை. "வேற பேர் இருந்தா? எப்ப நிறுத்தணும்னும் எழுதுங்க தம்பி." எழுதினேன். இருபத்தைந்து வருட வேலையில் நான் எழுதாத வாக்கியம்: 'வேறு பெயர் இருந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.'

மார்ச் 12

கிளினிக்கில் ஏழாவது படியோடு நிறுத்தியிருந்தோம். என் கம்ப்யூட்டரில் எச்சரிக்கைகளைத் திரும்பப் போட்டு இன்னொரு முறை முழுக்க இன்ஸ்டால் செய்தேன். மேலும் இரண்டு பெட்டிகள் வந்தன. நாற்பது நிமிடம் ஆனது.

நான்காம் தேதி எழுதியதைக் கிழித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

மார்ச் 18

புதுக் கையேடு போய்விட்டது. அனுப்பும் முன் சிஸ்டர் ஒரு முறை முழுக்கப் படித்து, இரண்டு இடத்தில் பென்சில் வைத்தார். இரண்டும் சரி. இதற்கு முன் யாரிடமும் திருத்தம் வாங்கிச் சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன் எடுக்கும் பெண் இன்று ஒன்று சொன்னாள். பிரிவை உடனே மூடச் சொன்னார்களாம். சின்னவர்தான் ஒரு மாதம் கேட்டு வாங்கினாராம். "எனக்கே எழுதக் கத்துக் குடுத்தவர், அவரால முடியும்" என்று மீட்டிங்கில் சொன்னாராம்.

இது தெரியாமலே இருந்திருக்கலாம். திட்ட வசதியாக இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

இன்று பதினொரு போன். "லைன் செத்துப்போச்சோன்னு ரெண்டு தடவை ரிசீவரை எடுத்துப் பாத்தேன் சார்" என்றாள் அந்தப் பெண்.

சாயங்காலம் சின்னவரே என் மேஜைக்கு வந்தார். பிரிவு இருக்குமாம். "அடுத்த மென்பொருளுக்கும் நீங்கதான் சார்." நன்றி தொண்டை வரை வந்துவிட்டது. "ஒரு மாசம் கேட்டு வாங்கினீங்களாமே" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. காது சிவந்துவிட்டது.

வீட்டில் சாப்பிட்டு முடித்தும் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்து ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் யாரையும் திட்டலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

"இரு, நாளைக்கு யாராவது கிடைப்பாங்க" என்றேன்.