ஓடைக்கு அந்தப் பக்கம் போன ஒயர்

பாய்,

சுவரில் நீங்கள் மாட்டிய வெள்ளை இன்டர்நெட் பெட்டியை இன்று துடைத்தேன். அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘கோளாறு என்றால் கூப்பிடவும்.’ முதியோர் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யார் துணையும் இல்லாமல் படித்துவிட்டேன் பாய்! அந்தச் சந்தோஷத்தில் உங்களிடம் சொல்ல எழுந்தேவிட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் போய் இரண்டு ரம்ஜான் ஆகிவிட்டது.

என் மனைவி பக்கவாதத்தில் படுத்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில். அந்தப் பள்ளத்தில் போன் சிக்னல் எடுக்காது. உங்கள் இன்டர்நெட் ஒயரோ ஓடைக்கரைவரை வந்திருந்தது.

“இன்னும் நாலு கம்பம் நட்டா பொண்ணு வீடு வந்துடும் பாய்” என்றேன்.

“என் லைசென்சு ஓடையோட முடிஞ்சுபோச்சுண்ணா. அந்தாண்ட போனா வேற லைசென்சு.”

“தண்ணி ரெண்டு பக்கமும் போவுது, ஒயர் போவக்கூடாதா?”

“தண்ணிகிட்ட யாரும் லைசென்சு கேக்கறதில்லண்ணா” என்று சிரித்தீர்கள். ஆனால் அடுத்த வாரமே ஏணியோடு வந்து மகள் வீட்டுக்கு ஒயர் இழுத்துவிட்டீர்கள். போனில் மகள் முகத்தைப் பார்த்ததும், கோணிய வாயால் இவள் “குண்டாயிட்டடி” என்று திட்டினாள். பக்கத்தில் நின்று நீங்களும் கேட்டீர்கள்.

நான்கு மாதம் அப்படிப் போனது. யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். உங்களுக்கு வந்த நோட்டீசைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினீர்கள். படிக்கத் தெரியாதவனிடம் காகிதத்தை நீட்டுகிறாரே என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது.

“அந்த ஒயர அறுக்கலேன்னா என் லைசென்சே போயிடும்ணா. ஊருக்கே நெட் நின்னுடும்.”

உள்ளே அவள் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணி பேசி முடிக்கட்டும்” என்று வாசலிலேயே உட்கார்ந்தீர்கள். அன்று அவள் ஒரு மணி நேரம் பேசினாள். நீங்கள் ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அதுவரை உங்களை ‘வாங்க, போங்க’ என்று பேசியவன், “உனக்கு உன் தொழில்தான் பெருசு. எந்திரிச்சுப் போடா” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஒயரை அறுக்க ஓடைப்பக்கம் போனீர்கள்.

ஆவணியில் அவளுக்கு மறுபடியும் வாதம் வந்தது. மகள் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். சாவுக்கு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றீர்கள். பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தேன். அதற்குப் பிறகும் பேசவில்லை.

உங்கள் மையத்து அடக்கத்துக்கு வந்தபோதுதான் உங்கள் வீட்டம்மா சொன்னார். “அந்தாண்டக்கும் சேத்து லைசென்சு வாங்கணும்னு கிருஷ்ணகிரில பஸ் ஏறி ஏறி சென்னைக்குப் போனாருண்ணா. வந்ததும் மொத ஒயர் உங்க பொண்ணு வீட்டுக்குத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

இந்த மடலை எழுத எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. பிழை குறைவு என்று டீச்சர் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ‘தப்பு பண்ணிட்டேன் பாய்’ என்கிற மூன்று சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதைச் சொல்ல எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாய் இருந்தது. நீங்கள் அடுத்த தெருவில்தான் இருந்தீர்கள்.