ஒன்பது மணி நேரமாம்

கடையை மூடிவிட்டு நீங்கள் வரும்வரை கார்க்காரர் காத்திருக்க மாட்டாராம். கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். மாடிச் சாவியை எதிர்வீட்டு நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன். செடிகளுக்கு அவள் தண்ணீர் விடுவாள். நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

டிக்கெட் போட்ட பெண் இன்று காலைதான் விவரமாகச் சொன்னாள். நம் ஊரிலிருந்து மகள் இருக்கும் ஊருக்கு நேராகப் போகிற விமானமே கிடையாதாம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி, பாதி நாள் உட்கார்ந்திருந்து, வேறு விமானம் ஏற வேண்டும். நீங்களோ போனில் தூரத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் வாக்குக் கொடுத்தீர்கள். "ஒன்பதே மணி நேரம்மா. நாளைக்குக் காலைல உன்னை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள அம்மா பக்கத்துல வந்து நிப்பா."

நேற்றே கிளம்பிவிடுகிறேன் என்றேன். "ஒரு நாள் முன்னாடியே போய் மாப்பிள்ளை வீட்டுல என்ன பண்ணப்போற?" என்று வாயை அடைத்தீர்கள்.

முப்பது வருஷமாகத் தைக்கிறீர்கள். பின்னால் பிரித்துத் தைக்க ஓரத்தில் துணி விடாமல் ஒரு ஜாக்கெட்டாவது வெட்டியிருக்கிறீர்களா? ஊரார் உடம்புக்கெல்லாம் விடத் தெரிகிறது. பெற்ற பெண்ணுக்கு விடத் தெரியவில்லை.

அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள், இன்றைக்கே.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அவள் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது நான் இன்னும் வானத்தில்தான் இருப்பேன். அம்மா எங்கே என்று கேட்பாள். அப்போது போனில் உங்கள் முகமாவது தெரியட்டும். தூங்கிவிடாதீர்கள்.