செம்மண் தரையில் வழுக்கி ஆடணுமாம்

பாக்யத்துக்கு, சுப்பராயன் சொல்லச் சொல்லப் பேத்தி தமிழினி எழுதுவது. இங்கே நல்ல சுகம். உன் முட்டிவலி எப்படி? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் கடிதம்.

ஆம்பூரில் இவள் டென்னிஸ் ஆடியதெல்லாம் சிமெண்ட் தரை. நான் வாட்ச்மேனாக இருக்கும் இந்தப் புனா மைதானத்தில் செம்மண். பந்து மெதுவாக வந்து உயரமாக எழும்புகிறது. வழுக்கிக்கொண்டே போய்த்தான் அடிக்கணுமாம். அது எனக்குத் தெரியுமா? என்னோடு வேலை செய்த இன்பராஜ் தோல் பதனிடும் ஷாப்பில் சறுக்கிச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தானே, இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நேற்று இவள் வழுக்கியதும், "காலை ஊனு!" என்று கத்திவிட்டேன். சட்டென்று ஊன்றினாள், கணுக்கால் மடங்கிவிட்டது.

"கொஞ்சம்தான் வீக்கம்னு சொல்லு தாத்தா, ஆயா பேஜாராயிடும்" என்கிறாள். கொஞ்சம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு போட்டி. தோற்றால் இங்கே பயிற்சியை நிறுத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வீட்டுத் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கும்போது போன் போட்டு, முடியும்வரை எதையாவது பேசிக்கொண்டே இரு. நீ பேசும்போது நான் என்றைக்கு வாயைத் திறந்திருக்கிறேன்?

சுப்பராயன்