நீதவானின் கதிரை

சாவகச்சேரி,
12.7.1974

என் அன்பான அம்மாவுக்கு,

இங்கிருந்தே முல்லைத்தீவுப் பக்கம் கும்பிட்டு மகன் பஞ்சலிங்கம் எழுதுவிப்பது. உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? ஐயா கடலுக்குப் போகிறாரா? நான் நல்ல சுகம். விடுதியில் பக்கத்துக் கட்டில் சோமசேகரம்தான் இதை எழுதுகிறான். அவனுக்குக் கால் ஏலாது, எனக்குக் கண் தெரியாது. சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

ஒரு புதினம். இங்குள்ள நீதவானின் கதிரை எங்கள் பயிற்சி நிலையத்துக்குப் பிரம்பு பின்ன வந்தது. மாஸ்டர் அதை என்னிடமே தந்தார். எங்கள் வீட்டுக் கை சும்மா இருக்குமா? வலைக்குப் போடுவதுபோல இடைக்கிடை முடிச்சுப் போட்டுவிட்டேன். மாஸ்டர் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதிலை நீதவான் இருக்கிறதோ, மீன் படுறதோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். முழுவதையும் அவிழ்த்து, ஒரு முடிச்சும் கையில் தட்டாமல் திரும்பப் பின்னினேன். இப்போது நீதவான் என் பின்னலில் இருந்துதான் தீர்ப்புச் சொல்கிறார். "உவனைக் கோயில் வாசலிலை இருத்துங்கோ" என்று சொன்ன மாமாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

என் வலை ஊசியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு இல்லை. அது கையில் இல்லாமல் நித்திரை வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆவணி விடுமுறைக்கு என்னைக் கூட்டிப்போக ஐயா வரவேண்டாம். பரந்தனில் பஸ் மாறி நானே வருவேன். சாப்பாட்டு மணி அடிக்கிறது. அம்மா, நீங்கள் படலையில் நில்லுங்கள், ஆனால் ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டாம். ஒருக்கால் மட்டும் கூப்பிடுங்கள், மிச்சத்தை நான் நடந்து வருவேன்.

உங்கள் மகன்
பஞ்சலிங்கம்